விழாத சிலிண்டர்

சென்ற மாதம் நம் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய இடத்துக்குப் போனால் ஒரு காபியோடு எழுந்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. அன்று மூன்று காபி ஆகிவிட்டது. அதற்குக் காரணம் உங்களில் ஒருவர்தான். காந்தக் கவச அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், பக்கத்தில் இருந்தவரிடம் சாதாரணமாகக் கேட்டார்: "புது சிலிண்டரை எடுக்கட்டுமா, இல்ல அந்த விழுந்த சிலிண்டரே போதுமா?"

விழுந்த சிலிண்டர். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. அந்தப் பெண்மீது தவறில்லை, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முதன்முதலில் அப்படிச் சொன்னவன் நான். அதனால் இதை நானே எழுதிவிடுவது நல்லது. புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது, சாதித்த கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு வேறு ஆள் பாருங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அடையாற்றில் இதே கட்டடம், இதே மூன்றாவது மாடி. மனித இதயம் துடிக்கும்போது மிக மிக மெல்லிய காந்தப்புலம் ஒன்று உண்டாகிறது. அதை அளக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். அளக்கும் கருவி கிடைத்துவிட்டது. ஆனால் சாலையில் ஒரு பஸ் பிரேக் போட்டால் கருவி துள்ளியது, லிஃப்ட் ஏறி இறங்கினால் துள்ளியது. பூமியின் காந்தப்புலம் வேறு எந்நேரமும் இருக்கிறது. இவற்றையெல்லாம் வெளியே நிறுத்த இரண்டு சிலிண்டர்கள் வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் சிலிண்டர் என்றால் சமையல் வாயு மட்டும்தான். நான் சிலிண்டரைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்றால், "பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க" என்பாள் என் மனைவி.

வெளிச் சிலிண்டர் நிக்கல் கலந்த இரும்பு, மியூ மெட்டல் என்போம். காந்தத்தைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் இடத்தை ஏறக்குறைய அமைதியாக வைத்திருக்கும். அதற்குள்ளே நிற்கும் சிறிய குழாய், சூளையில் சுட்ட பீங்கான் மாதிரியான மீக்கடத்தி, சூப்பர்கண்டக்டர் என்பார்களே அது. திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிரவைத்தால் வெளியில் என்ன மாறினாலும் உள்ளே மாறவிடாது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. குளிரும் அந்தச் சில நிமிடங்களில் உள்ளே எவ்வளவு காந்தம் இருந்ததோ, அதையும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி சூடாகும்வரை விடாது. ஆகவே, முதலில் வெளிச் சிலிண்டரின் பழைய காந்தத்தைப் போக்க வேண்டும், பிறகு உள்ளே அளந்து பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் நைட்ரஜன். இந்த வரிசை உங்களுக்கு மனப்பாடம். எனக்கும் மனப்பாடமாகத்தான் இருந்தது.

அந்த அறைக்குள் இரும்பு வரக் கூடாது. வாசலில் ஒரு மர ஸ்டூல், அதன்மேல் ஓர் அலுமினியத் தட்டு. கடிகாரம், சாவி, பெல்ட், பேனா, சேலையில் குத்தியிருக்கும் ஊக்கு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கோயில் வாசலில் செருப்பை விடுவது போல எங்களுக்கு அது கைப்பழக்கம். பெரிய மனிதர்கள் வரும் நாட்களில் தட்டை ஒருவர் கையில் ஏந்தி நிற்பார். அவர் பெயர் கன்னியப்பன்.

கன்னியப்பன் எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர். சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குடியிருப்பில் வீடு. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகப் பணி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். நிரந்தர ஃபிட்டர் இடம் ஒன்று அந்த வருடம்தான் வந்தது. அவருக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். பிள்ளைகள் இருவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வயது வரம்பைத் தாண்டுவதற்குள் அவருக்குக் கிடைக்கக்கூடிய கடைசி வாய்ப்பு அதுதான். இதுவும் எனக்குத் தெரியும்.

அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அது தவறு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

நான் சிடுசிடுப்புக்காரன். இப்போதும்தான், ஆனால் இப்போது திட்டுவதற்குக் கீழே ஆள் இல்லை. அந்தச் சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்பு, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு எங்கள் கருவியைக் காட்டிக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் ஓரமாக நின்றிருந்தார். திடீரென்று, "சார், அந்த ஹோல்டர்ல போட்ட ஸ்க்ரூ பித்தளை இல்ல சார். மேல பூசிக்கீறான். காந்தத்த வச்சுப் பாத்தேன், ஒட்டிக்கினு கீது" என்றார். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கூட இருந்த மாணவர்களுக்குத் தெரியுமே. எனக்கு முகம் சூடாகிவிட்டது. "கடையறது உன் வேலை. காந்தம் என் வேலை. கேட்டா மட்டும் வாயைத் திற" என்றேன். அவர் தலையைக் குனிந்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் நானே காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. ஸ்க்ரூக்களை மாற்றினேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இனி அந்த நாள். எங்கள் திட்டம் தொடரலாமா என்று பார்த்து முடிவு சொல்ல டில்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. காலை பதினொரு மணிக்குச் செய்து காட்ட வேண்டும். முந்தின நாள்தான் மியூ மெட்டல் சிலிண்டர் வெளியில் சூளையேற்றிப் பதப்படுத்தப்பட்டு வந்திருந்தது. லிஃப்ட் பழுது. கன்னியப்பன்தான் அதை மூன்று மாடி தூக்கி வந்தார். அந்த உலோகத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். கீழே போட்டால் நசுங்காது, கீறல்கூட விழாது. வெளியே பார்க்க முழுசாக இருக்கும், காந்தத்தைத் தடுக்கும் சக்தி மட்டும் போய்விடும்.

குழு வரும் நாளில் எட்டு மணிக்கே மின்சாரம் போய்விட்டது. காந்தம் போக்க மின்சாரம் வேண்டும். நைட்ரஜன் பாத்திரத்தில் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருந்தது. பத்தேகாலுக்குத்தான் விளக்கு எரிந்தது. அவசர அவசரமாகக் காந்தம் போக்கினேன். அடுத்தது உள்ளே அளந்து பார்ப்பது. அதற்கு அரை மணி ஆகும். வாசலில் கார் சத்தம் கேட்டது. நேற்றுத்தான் பதப்படுத்தி வந்திருக்கிறது, நன்றாகத்தான் இருக்கும் என்று அந்தப் படியைத் தாண்டிவிட்டேன்.

குழுவினர் ஐந்து பேரும் கடிகாரத்தையும் சாவியையும் கன்னியப்பன் ஏந்திய தட்டில் போட்டுவிட்டு வந்து மர நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் நைட்ரஜன் ஊற்றினேன். வெள்ளைப் புகை எழுந்து மேசையில் வழிந்தது. குழாய் முழுவதும் மூழ்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடியில் பனி படர்ந்தது. விரலால் துடைத்துவிட்டு, இன்னும் நெருங்கிக் குனிந்து, கொதிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு காந்தத்தை அளக்கும் அளவியைக் குழாய்க்குள் இறக்கினேன்.

நாங்கள் எழுத்தில் உறுதி சொன்ன அளவைப் போலப் பத்து மடங்கு காட்டியது. அளவியை எடுத்து மறுபடி இறக்கினேன். அதே எண்.

குழுவின் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார், என்ன காரணமாக இருக்கும் என்று. 'தெரியவில்லை, ஒரு படியைத் தாண்டிவிட்டேன், குழாயைச் சூடேற்றி நாளை மறுபடி செய்து காட்டுகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மீக்கடத்திக் குழாய். சூடேற்றிக் குளிர்விக்கும் ஒவ்வொரு தடவையும் விரிசல் விடும் பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், ஐந்து பேர் முன்னால் 'தெரியவில்லை' என்ற சொல்லைச் சொல்வது. முந்தின நாள் படிக்கட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாகக் காவலாளி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

"வெளிச் சிலிண்டர் கீழ விழுந்து அடிபட்டிருக்கலாம். நேத்துதான் மாடிக்குத் தூக்கிட்டு வந்தாங்க" என்றேன்.

எல்லாருடைய பார்வையும் வாசலுக்குப் போயிற்று. கன்னியப்பன் தட்டோடு நின்றிருந்தார்.

"நான் போடல சார்" என்றார். "விழுந்தது என் ஸ்பேனர் பை சார். சிலிண்டர் மடியில இருந்துச்சு."

"சரி, அப்புறம் பேசலாம்" என்றேன். அப்புறம் நான் பேசவே இல்லை.

எங்கள் துறைத் தலைவர் மயிலாப்பூர்க்காரர், குரலை உயர்த்தியே அறியாதவர். மறுநாள் கூப்பிட்டு, "குழுவுக்கு ஒரு காரணம் எழுதி அனுப்பணும்ப்பா. நீ நேத்து சொன்னதையே எழுதிக் கொடுத்துடேன்" என்றார். கையாளும்போது அடிபட்டிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். 'இருக்கலாம்' என்றுதானே போட்டிருக்கிறோம், பொய் இல்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தக் காகிதம் நான்கு மேசை தாண்டி நேர்முகத் தேர்வுக் கோப்புக்குப் போனபோது அதில் 'இருக்கலாம்' இல்லை. 'கையாள்வதில் கவனக்குறைவு' என்று இருந்தது. நிரந்தர இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அடுத்த புதுப்பிப்பும் கன்னியப்பனுக்கு வரவில்லை. கடைசி நாளன்று ஒர்க்‌ஷாப்பில் தன் கடைசல் இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன். நான் அன்று மாடியிலிருந்து இறங்கவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் இருக்கவில்லை.

குழு எங்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்திருந்தது. ஒரு வெள்ளைக் காகிதத்தில் 'விழுந்தது, கவனம்' என்று என் கையால் எழுதி அந்தச் சிலிண்டரில் ஒட்டி, அலமாரியில் வைத்தேன். பெயர் அப்படித்தான் பிறந்தது.

மூன்று மாதம் கழித்து, புதுச் சிலிண்டர் வரத் தாமதமானதால், பழையதையே எடுத்து அளந்து பார்த்தோம். உடன் இருந்தவர் வைதேகி என்ற ஆராய்ச்சி மாணவி. காந்தம் போக்கி, உள்ளே அளவியை வைத்தோம். சிலிண்டர் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது. அதற்கு ஓர் அடியும் பட்டிருக்கவில்லை.

நம்ப முடியாமல் உள்ளே குனிந்து பார்த்தேன்.

"சார், ரீடிங் ஏறுது" என்றார் வைதேகி. நான் நிமிர்ந்தேன். "இப்ப இறங்கிடுச்சு." மறுபடி குனிந்தேன். "ஏறுது சார்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், உங்க கண்ணாடி."

என் பழைய பிளாஸ்டிக் ஃபிரேம் உடைந்துபோய், தி. நகரில் புதிதாக வாங்கிய கண்ணாடி அது. மெல்லிய ஸ்டீல் ஃபிரேம். குழு வருவதற்கு முந்தின வாரம் வாங்கியது. பழைய ஃபிரேமில் இரும்பே கிடையாது, அதனால் கண்ணாடியைக் கழற்றும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. கடிகாரம், சாவி, பெல்ட் எல்லாம் தட்டுக்குப் போயின, இது மட்டும் மூக்கிலேயே இருந்தது. குழாய் குளிர்ந்த அந்தச் சில நிமிடங்கள் முழுவதும் இதை அதன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். குழாய் தன் குணப்படி அந்தக் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

அளந்து பார்க்கும் அந்த அரை மணியை நான் தாண்டாமல் இருந்திருந்தால், குனியும்போதே எண் ஏறியிருக்கும். யாராவது பார்த்திருப்பார்கள்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "போஸ்ட் ஃபில் ஆயிடுத்து. கோப்பு மேல போயாச்சு. இப்போ இதைக் கிளறினா குழு நம்மளைத்தான் கேள்வி கேக்கும். அவன் வந்துடப் போறானா?" என்றார். மறுத்துப் பேசுவதற்கு என்னிடம் வார்த்தைகள் இருந்தன. பேசவில்லை. எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. சிலிண்டரில் ஒட்டிய காகிதத்தைக்கூட நான் கிழிக்கவில்லை. திட்டம் பிழைத்தது. ஒரு மனிதரின் இதயத்துடிப்பை அளந்தோம், எல்லாரும் கை குலுக்கினார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. அந்த அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் தட்டில் போடுவேன். கழற்றியதும் எதிரே எல்லாம் மங்கலாகிவிடும். தட்டை ஏந்திக்கொண்டு யாரோ நிற்பதுபோல இருக்கும். கடைசியில் ஒரு சனிக்கிழமை சைதாப்பேட்டைக்குப் போனேன். ஆற்றோரத்தில் வீடுகளே இல்லை. எல்லாரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்றார் டீக்கடைக்காரர். "கன்னியப்பனா? வடபழனில சினிமாவுக்கு ட்ராலி செய்ற பட்டறைல கீறாரு. தெனம் ரெண்டு பஸ் மாறி வந்துக்கினு கீறாரு" என்றார்.

பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கேமரா ஓடும் தண்டவாளம் ஒன்றுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார்.

"வாங்க சார். இன்னா சார் இவ்ளோ தூரம்?"

வழி முழுக்கப் பெரிய பேச்சு ஒன்று தயார் செய்து வந்திருந்தேன். "நீங்க அதைப் போடல. தப்பு என்னோடது. என் கண்ணாடி" என்றேன். அவரை நான் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

அவர் ஆச்சரியப்படவில்லை. அரத்தைக் கீழே வைத்தார்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்குத் தட்ட வச்சிக்கினு நான்தானே நின்னேன். எல்லாரும் எல்லாத்தையும் போட்டாங்க. நீங்க புதுக் கண்ணாடியோட உள்ள போனீங்க. பளபளன்னு ஸ்டீலு. சார் கண்ணாடின்னு சொல்ல வாயெடுத்தேன் சார். பெரியவங்கல்லாம் குந்திக்கினு இருந்தாங்க. நீங்கதான் சொல்லிக்கீறீங்களே, கேட்டா மட்டும் வாயத் தெறன்னு. நீங்க கேக்கல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே. வேலையே போச்சே."

"அப்பால சொன்னா தப்பிக்கிறதுக்கு சொல்றான்னு சொல்லுவீங்க. நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. சார் எழுதனதுக்கு மேல நான் இன்னா சார் பேசறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். வேலைக்கு அளவு சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். திரும்பி வர முடியுமா என்று நான் மேலே பேசிப் பார்க்கிறேன் என்றேன். வயது தாண்டிப் போயிற்று சார் என்றார். டீ வரவழைத்தார். பெரிய பையன் பத்தாவதோடு நின்றுவிட்டான், புது இடத்திலிருந்து பள்ளிக்கூடம் தூரம் என்று சொன்னார். நான் கேட்டதால்தான் அதையும் சொன்னார்.

கிளம்பும்போது தெருமுனை வரை கூடவே வந்தார். அவருக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அந்த சிலிண்டரு நல்லா கீதா சார்?"

"நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"எப்டி சார் இருக்கும் கொற" என்றார். "கொழந்தைய தூக்கற மாதிரி தூக்கினு வந்தேன். மூணு மாடி. நடுவுல மூச்சு வாங்குச்சு, படில குந்தி மடில வச்சுக்கினேன். அப்பதான் பை உருண்டுச்சு. அத மட்டும் ஒரு எடத்துலகூட கீழ வைக்கல சார்."

திங்கட்கிழமை சிலிண்டரிலிருந்து அந்தக் காகிதத்தை உரித்தேன். நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினேன். பதில் வரவில்லை, யாரும் என்னைக் கேள்வி கேட்கவும் இல்லை. ஒரு வருடமாக நான் பயந்தது இதற்குத்தான். கன்னியப்பனை ஆய்வுக்கூடத்துக்கு ஒருமுறை வரச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டேன். வருகிறேன் சார் என்பார், வந்ததில்லை. நான் ஓய்வு பெற்ற வருடம் அவர் காலமானார். ஊருக்கு வெளியே இருந்த அந்த வீட்டுக்கு இரண்டு பஸ் மாறித்தான் போனேன். அங்கே அவர் மனைவிக்கு என்னைத் தெரிந்திருந்தது. "சிலிண்டரு சாரா?" என்று கேட்டார்.

அறையின் வாசலில் இப்போதும் அந்தத் தட்டு இருக்கிறது, பார்த்தேன். அதை யார் பிடித்துக்கொண்டு நின்றாலும், உள்ளே போகும் முன் அவரை ஒரு தடவை கேளுங்கள், என்னிடம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று. அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். அளவியை நம்புவதற்கு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தட்டோடு நிற்பவரை நம்புவதற்கு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானாகவும் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொன்று, இது வேண்டுகோள். இரண்டாவது அலமாரியில், கீழ்த் தட்டில் இருக்கும் சிலிண்டரை இனி அந்தப் பெயரில் கூப்பிடாதீர்கள். பெயர் வேண்டும் என்றால் கன்னியப்பன் சிலிண்டர் என்று சொல்லுங்கள். அது விழவில்லை. மூன்று மாடி ஏறும்வரை அவர் அதை ஓர் இடத்தில்கூடக் கீழே வைக்கவில்லை.